நீலத்திட்டை வெட்டியவர்கள்

மூளையைக் கையில் வாங்கி, சிறுமூளையை அடியோடு எடுத்துவிட்டால் மூளைத்தண்டின் முதுகுப்பக்கம் திறந்துகொள்ளும். சாய்சதுர வடிவில் ஒரு பள்ளம். நான்காம் மூளையறையின் தரை அது. அதன் மேல்பாதியில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் லேசான நீலச் சாயல் ஓடும். புதிதாக எடுத்த மூளையில்தான் அது நீலம். ஃபார்மலினில் சில வாரம் கிடந்தால் சாம்பலும் பழுப்புமாகிவிடும். இடம் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அப்புறம் படும். முதலாண்டு மாணவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கக்கா நீலம்? ஒண்ணுமே தெரியலையே" என்பார்கள். குறுக்கே ஒரு வெட்டு வெட்டி முகத்தைத் திருப்பிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இரண்டு கரும்புள்ளிகள்.

லத்தீனில் லோகஸ் செருலியஸ். எங்கள் லேபில் நீலத்திட்டு என்றுதான் சொல்லிக்கொள்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஹிஸ்டாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிளாக் போட்டு, மைக்ரோடோமில் செக்‌ஷன் எடுத்து, சாயம் ஏற்றி, பெயர் எழுதி அடுக்குவது என் தொழில். மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் கண்டுபிடித்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். வெட்டிய விதத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நீலத்திட்டின் கதை முழுக்க முழுக்க வெட்டிய விதத்தின் கதை என்பது என் எண்ணம். வயதானால் அந்த செல்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் மாறியது கத்தியோ, புட்டியில் இருந்த மருந்தோதான்.

இடத்தை முதலில் எழுதி வைத்தவர் பாரிஸின் ஃபெலிக்ஸ் விக் தஸீர். 1786இல் வந்த அவருடைய உடற்கூறியல் நூலில் மூளையின் வண்ணப் படங்கள் உண்டு. ராணி மரி அந்துவானெத்தின் மருத்துவராகவும் இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் ராணியின் தலை போனது. மருத்துவர் கில்லட்டினுக்குத் தப்பி, 1794 ஜூனில் நோயில் விழுந்து இறந்தார். 1809இல் ஜெர்மனியின் யோஹான் கிறிஸ்டியன் ரைல் அதே இடத்தை மறுபடியும் விவரித்தார். மனநல மருத்துவத்துக்கு உலகம் இன்று வழங்கும் சைக்கியாட்ரி என்ற பெயரை முந்தைய ஆண்டுதான் அவர் உண்டாக்கியிருந்தார். 1812இல் யோசஃப், கார்ல் என்ற வென்ஸெல் சகோதரர்கள் லத்தீன் பெயரை வைத்தார்கள். அதோடு சரி. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் அந்த நீலம் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி, பரீட்சையில் ஒரு மதிப்பெண்.

அன்றைக்கு அவர்களிடம் ஃபார்மலின் இல்லை. மூளையைச் சாராயத்தில் ஊறவைத்துத்தான் கெட்டிப்படுத்துவார்கள். ஃபார்மலின் எங்கள் தொழிலுக்கு வந்தது 1893இல். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் அது கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யச்செய்ய அவருடைய விரல் நுனித் தோல் தடித்து விறைத்துப்போனது. விரல் விறைத்தால் திசுவும் விறைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கையுறை போடாமல் ஃபார்மலின் வாளியில் கை விட்ட பழைய டெக்னீஷியன் யாரிடமும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் விரல்ரேகை இன்னும் ஆதார் மெஷினில் சரியாக விழுவதில்லை.

நீலம் என்று சொல்கிறோமே தவிர அங்கே நீல நிறப்பொருள் எதுவும் கிடையாது. நரம்பு செல்லுக்குள் நியூரோமெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி மணல்மணலாக இருக்கிறது. மேலே மெல்லிய திசு மூடியிருப்பதால் ஒளி சிதறி நீலமாகப் படுகிறது. முன்கையில் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே கணக்குதான். குழந்தையின் மூளையில் இந்த நிறமி கண்ணுக்குத் தெரியாது. வளரவளரச் சேர்கிறது. சாயமே ஏற்றாத செக்‌ஷனை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் இந்த செல்கள் தாங்களாகவே பழுப்பாகத் தெரியும். அது எங்களுக்குப் பெரிய வசதி. பின்னால் சிலருக்குப் பெரிய குழப்பமும் ஆனது, அதற்கு வருகிறேன்.

சாயம் என்றதும் ஃப்ரான்ஸ் நிஸ்ஸிலைச் சொல்லாமல் போக முடியாது. மூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1884இல், நரம்பு செல்லுக்குச் சாயம் ஏற்றும் முறைக்காகப் பரிசு வாங்கியவர். போட்டிக்கு நடுவராக இருந்தவர் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் ஃபான் குட்டன். இரண்டே ஆண்டில் பவேரியாவின் மன்னர் லூட்விக்கோடு ஏரியில் பிணமாக மிதந்தவர். அது வேறு கதை. நிஸ்ஸிலின் சாயத்தில் செல்லுக்குள் புலித்தோல் மாதிரியான திட்டுகள் தெரிந்தன. செல் நோயுற்றால் திட்டுகள் கரைந்து மங்கும். அந்தத் திட்டுகள் எதனால் ஆனவை என்று அவருக்குத் தெரியாது. 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் அது ரைபோசோம்கள் குவிந்த இடம் என்று உறுதியானது. ரைபோசோம் என்றால் ஆர்.என்.ஏ. செல்லின் மரபணுக்களில் எழுதியிருப்பதன் நகலைப் படித்து புரதம் தயாராகும் பட்டறை அது. இன்று கோடிக்கணக்கில் செலவழித்து மரபணு வெளிப்பாடு என்று அளக்கிறார்களே, அதன் நிழலை கிரெசைல் வயலெட் சாயத்தில் நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எந்த மரபணு என்று மட்டும் தெரியாது.

நார்அட்ரினலின் என்ற நரம்புச் சுரப்பு இந்தக் கதைக்குள் வேறு வாசல் வழியாக வந்தது. 1946இல் ஸ்வீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர், உடலின் பரிவு நரம்புகள் சுரப்பது நார்அட்ரினலின்தான் என்று காட்டினார். 1970இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூளைக்குள்ளும் அது இருக்கிறதா? இருந்தால் ரத்தக்குழாயோடு ஒட்டி வந்ததா, மூளையின் சொந்தச் சரக்கா? எடின்பரோவில் மார்தே ஃபோக்ட் அம்மையார் நாய் மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அரைத்து, சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். 1954இல் முடிவு வெளிவந்தது. ஹைபோதாலமஸிலும் நடுமூளையிலும் நிறைய, மற்ற இடங்களில் குறைவு. ரத்தக்குழாய் கணக்கில் இது சேராது, மூளை தானே இதைப் பயன்படுத்துகிறது என்று வாதிட்டார். அவருடைய பெற்றோர் ஆஸ்கர் ஃபோக்ட்டும் செசில் ஃபோக்ட்டும் பெர்லினில் மூளை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியவர்கள். லெனினின் மூளையைச் செக்‌ஷன் போட அழைக்கப்பட்டவர் ஆஸ்கர். நரம்பு செல் மூப்படைவதைப் பற்றி அந்தத் தம்பதி எழுதியும் இருக்கிறார்கள். மகள் நாஜிகளைச் சகிக்காமல் 1935இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நூறு வயது நிறைந்த மறுநாள், 2003 செப்டம்பரில் இறந்தார். மூப்பைப் பற்றிய கட்டுரையில் இந்தத் தகவலை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அரைத்தால் அளவு தெரியும், இடம் தெரியாது. எந்த செல்லிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் செல்லை அப்படியே வைத்து ஒளிர வைக்க வேண்டும். அதைச் செய்தது நம் ஃபார்மலின்தான். சரியாகச் சொன்னால் அதன் ஆவி.

1962இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெங்ட் ஃபால்க்கும் நில்ஸ்-ஓகே ஹில்லார்ப்பும் ஒரு முறையை வெளியிட்டார்கள். திசுவை நொடியில் உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் நார்அட்ரினலின் கரைந்து ஓடிவிடும். உலர்ந்த திசுவை பாராஃபார்மல்டிஹைடு தூளோடு ஒரு ஜாடியில் அடைத்து, 80 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஆவி திசுவுக்குள் புகுந்து, நார்அட்ரினலினை ஒளிரும் பொருளாக மாற்றிவிடும். புறஊதா ஒளியில் வைத்தால் நார்அட்ரினலினும் டோபமினும் பச்சையாக, செரட்டோனின் மஞ்சளாக எரியும். எல்லாம் சொல்லும்போது எளிது. அந்தத் தூளில் எவ்வளவு ஈரப்பதம் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். ஈரம் குறைந்தால் ஒளி இல்லை. கூடினால் ஒளி செல்லை விட்டுக் கசிந்து எல்லாம் மங்கல். தூளை ஒரே அளவு ஈரத்தில் சேமித்து வைக்கத் தனி ஏற்பாடே செய்தார்கள். மழைக்காலத்தில் பாரஃபின் ரிப்பன் சரியாக வராமல் தவித்த எவருக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர் மேல் மரியாதை வரும்.

ஹில்லார்ப் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்குப் போய், மருத்துவ மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் அன்னிகா டால்ஸ்ட்ரோமும் ஷெல் ஃபுக்ஸும் எலியின் மூளைத்தண்டை இந்த முறையில் வெட்டி, ஒளிர்ந்த செல் கூட்டங்களுக்கு ஏ1 முதல் ஏ12 வரை எண் போட்டார்கள். 1964இல் அந்த வரைபடம் வெளியானது. ஏ6 என்ற எண்ணில் பளீரென்று பச்சையாக எரிந்த கூட்டம், விக் தஸீர் பார்த்த அதே இடம். ஹில்லார்ப் மறு ஆண்டே, ஐம்பது வயதாகும் முன்னரே, இறந்துபோனார். மாணவர்கள் மேலே கொண்டுபோனார்கள். எலியில் பக்கத்துக்குச் சுமார் 1,500 செல்தான். அதிலிருந்து கிளம்பும் இழைகள் பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, தண்டுவடம் வரை போகின்றன. மனிதரில் இரு பக்கமும் சேர்த்து ஐம்பதாயிரம் அளவில் என்று கணக்கு. மூளையின் மொத்த நரம்பு செல்கள் 8,600 கோடி. இத்தனை சிறிய கூட்டம் இத்தனை பெரிய ஊருக்குப் படியளப்பது அதுவரை யாரும் எதிர்பாராதது. 1981இல் கேரி ஆஸ்டன்-ஜோன்ஸும் ஃப்ளாய்ட் ப்ளூமும் எலியின் நீலத்திட்டில் மின்முனை வைத்துக் கேட்டார்கள். விழித்திருக்கையில் செல்கள் துடிக்கின்றன, தூக்கத்தில் மெதுவாகின்றன, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. விழிப்பு, கவனம், திடுக்கிடல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு என்பது பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்த அறிவு.

இனி எண்ணிக்கைச் சண்டை. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பஃபலோவில் ஹரால்ட் பிராடி என்ற உடற்கூறியல் பேராசிரியர், வயதாக வயதாகப் பெருமூளைப் புறணியில் நரம்பு செல்கள் குறைகின்றன என்று 1955இல் எண்ணிக் காட்டினார். மூளை என்றால் நாளுக்கு இத்தனை ஆயிரம் செல் சாகும் என்று வாரப் பத்திரிகைகள் எழுதுவதற்கெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகள்தான் முதல். 1979இல் அவரும் விஜயசங்கர் என்பவரும் சேர்ந்து மனித நீலத்திட்டை எண்ணினார்கள். ஆசிரியர் வரிசையில் நம் பக்கத்துப் பெயரைப் பார்த்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. முதுமையில் நிறமி கொண்ட செல்கள் கணிசமாகக் குறைகின்றன என்பது அவர்கள் முடிவு. மதிப்பான வேலை, பொறுமையான வேலை. ஆனால் அந்தக் காலத்து எண்ணும் முறைக்குள் ஒரு சிக்கல் இருந்தது. அதை மைக்ரோடோம் பிடித்தவர்கள் தினம் கையில் உணர்ந்திருப்பார்கள்.

நீலத்திட்டின் செல் சுமார் 40 மைக்ரான் விட்டம். நீங்கள் வெட்டுவது 10 மைக்ரான். ஆக ஒரே செல் நான்கைந்து செக்‌ஷன்களில் வரும். செக்‌ஷன் ஒவ்வொன்றிலும் எண்ணினால் ஒரு செல் நான்காகிவிடும். உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸை மட்டும் எண்ணலாம் என்பார்கள். அதுவும் சில சமயம் இரண்டாக வெட்டுப்படும். 1946இல் ஆபர்கிராம்பி ஒரு திருத்தச் சூத்திரம் கொடுத்தார். அது செல்லின் அளவு தெரிந்தால்தான் உதவும். முதுமையில் செல் சுருங்கியிருந்தால்? பெரிய செல் அதிகச் செக்‌ஷனில் வரும், சுருங்கிய செல் குறைவான செக்‌ஷனில் வரும். செல் ஒன்றுகூடச் சாகாமலேயே, முதியவரின் ஸ்லைடில் எண்ணிக்கை குறைந்து தெரியும். இது போதாதென்று இன்னொன்று. ஆல்கஹால், சைலீன், சூடான மெழுகு என்று போகப்போகத் திசு சுருங்கும். இளம் மூளை முதிய மூளையைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஹவுக் 1980களில் காட்டினார். இளம் மூளையின் செல்கள் நெருங்கி நிற்கும். நிறைய இருப்பதாகத் தோன்றும். முதுமையில் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவோம்.

விடுவித்தது டென்மார்க். 1984இல் டி.சி. ஸ்டெரியோ என்பவர் பெயரில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அடுத்தடுத்த இரண்டு செக்‌ஷன்களை எடுத்துக்கொள். ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாததை மட்டும் எண்ணு. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முனை ஒரு தடவைதான் முடியும். செல் பெரிதோ சிறிதோ, கணக்கு பிசகாது. இவ்வளவுதான் யோசனை. இதற்கு டைசெக்டர் என்று பெயர். ஸ்டெரியோ என்று ஒரு ஆள் கிடையாது. டைசெக்டரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட புனைபெயர். எழுதியவர் ஆர்ஹூஸின் ஹான்ஸ் யோர்கன் குண்டர்சன். பேராசிரியர்களும் இப்படி விளையாடுவார்கள் என்பது தெரிந்தபோது சிரித்தேன்.

அந்த முறையில் 1994இல் பீட்டர் மௌட்டனும் குண்டர்சனும் மற்றவர்களும் நீலத்திட்டை மறுபடி எண்ணினார்கள். நலமாக இருந்து இறந்த முதியவர்களுக்கும் இளையவர்களுக்கும் எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 1997இல் ஒரு ஜெர்மன் குழுவும் அதையே சொன்னது. சண்டை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1995இல் டல்லாஸ் குழு ஒன்று, முன்பக்கத்து செல்கள் வயதோடு குறைகின்றன, பின்பக்கம் தாக்குப்பிடிக்கிறது என்றது. எங்கிருந்து எங்கே வரை வெட்டினாய் என்பதும் பதிலை மாற்றும்தானே.

நிறமியை அடையாளமாக வைத்து எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. நிறமி இல்லாத செல் கணக்கில் வராது. இதில் நம் நாட்டுச் செய்தி ஒன்று. பெங்களூர் நிம்ஹான்ஸில் முத்தனே, யாஷா, சங்கர் மூவரும் 1998இல் இந்திய மூளைகளின் கருந்திட்டை எண்ணினார்கள். கருந்திட்டு நீலத்திட்டின் பங்காளி. பார்க்கின்சன் நோயில் முதலில் பேசப்படுவது. பிரிட்டிஷ் மூளைகளைவிட இந்திய மூளைகளில் நிறமி செல்கள் குறைவு. ஆனால் வயதாக வயதாக அவை மேலும் குறையவில்லை. வெள்ளைக்காரர் மூளையைப் பார்த்து எழுதிய மூப்புக் கணக்கு எல்லோருக்கும் பொது அல்ல என்று சொன்ன முதல் சில வேலைகளில் அது ஒன்று. நம் மருத்துவப் பாடத்தில் அதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை.

ஆக, நோயில்லாத முதுமையில் செல்கள் பெரும்பாலும் மிஞ்சுகின்றன. அல்சைமர் நோயில் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் நியூகாஸிலில் டாம்லின்சன் குழுவும், பிறகு பாண்டரெஃப் குழுவும் நீலத்திட்டில் பெரிய இழப்பைக் கண்டார்கள். அது எந்த முறையில் எண்ணினாலும் நிற்கிறது. 2011இல் ஹைக்கோ பிராக் 1 வயது முதல் 100 வயது வரையான 2,332 மூளைகளைப் பார்த்து, அல்சைமரோடு சேர்ந்த டவ் புரதத்தின் மாற்றம் பலருக்கு முதலில் தலைகாட்டுவது இந்த நீலத்திட்டில்தான், அதுவும் இளமையிலேயே என்று எழுதினார். அவர் வெட்டியது 100 மைக்ரான் தடிமனான செக்‌ஷன். எங்கள் லேபில் அப்படி வெட்டினால் ஸ்லைடு கெட்டது என்று குப்பையில் போட்டிருப்பார்கள்.

செல் சாகவில்லை என்றால் அப்புறம் என்னதான் ஆகிறது? கேள்வி அங்கே திரும்பியது. எத்தனை மிஞ்சின என்பதை விட்டு, மிஞ்சியவை என்ன வேலை செய்கின்றன என்று கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கு முன்னோடி மான்செஸ்டரின் டேவிட் மானும் யேட்ஸும். 1970களிலேயே மைக்ராஸ்கோப்பில் ஒளியளவியைப் பொருத்தி, ஒவ்வொரு செல்லிலும் நிறமி எவ்வளவு, ஆர்.என்.ஏ. எவ்வளவு என்று அளந்தார்கள். நிறமி ஏறஏற ஆர்.என்.ஏ. இறங்குகிறது என்றார்கள். நிஸ்ஸிலின் சாயம் மங்கியதற்கு முதல் முறையாக ஒரு எண் கிடைத்தது.

எந்த ஆர்.என்.ஏ. என்பது அடுத்த படி. நார்அட்ரினலின் தயாராக டைரோசின் ஹைட்ராக்சிலேஸ், டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிகள் வேண்டும். தயாரானதைப் பைக்குள் அடைக்க ஒரு புரதம், வெளியே விட்டதைத் திரும்ப உறிஞ்ச இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. சியாட்டிலில் ஒரு குழு, அல்சைமரிலும் லூவி மறதி நோயிலும் இறந்தவர்களின் நீலத்திட்டில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் தூது ஆர்.என்.ஏ.வை செல் செல்லாக அளந்து 2006இல் வெளியிட்டது. செல்கள் குறைந்திருந்தன; மிஞ்சிய செல்களில் அந்தத் தூது ஆர்.என்.ஏ. கூடியிருந்தது. ஆள் குறைந்த ஆபீஸில் இருப்பவர் தலையில் எல்லாக் கோப்பும் விழுவது நமக்குப் புதிதா என்ன. நொதி ஓயாமல் வேலை செய்து, பைக்குள் அடைக்காமல் மிஞ்சும் சரக்கு ஆக்சிஜனோடு கலந்து திரிந்தால் அதுவே நிறமியாகிறது. அடைக்கும் புரதத்தை அதிகமாகக் கொடுத்தால் வளர்ப்பு செல்லில் நிறமி உண்டாவது தடைபடுகிறது என்று டேவிட் சல்சர் குழு 2000இல் காட்டியிருந்தது. மான் அளந்த பழுப்பு மணலுக்கும் மரபணுவுக்கும் இங்கேதான் தொடர்பு விழுந்தது.

பெருமூளைப் புறணியில் 2004இல் ஹார்வர்டின் புரூஸ் யாங்க்னர் குழு, 26 முதல் 106 வயது வரை 30 பேரின் திசுவில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒன்றாக அளந்தது. நாற்பதுக்குப் பிறகு நரம்புச் சந்திப்பு, மைட்டோகாண்ட்ரியா சார்ந்த பல மரபணுக்கள் தணிகின்றன. சேதத்தைச் சமாளிக்கும், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் ஏறுகின்றன. புறணியில் திசு தாராளம். நீலத்திட்டில் அப்படி அரைத்தெடுக்க முடியாது. இருப்பதே அரிசி மணி அளவு, அதிலும் பாதி பக்கத்து வீட்டு செல்கள். 1996இல் அமெரிக்காவில் வந்த லேசர் வெட்டுமுறை இதற்கு வழி விட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, லேசரால் ஒரு செல்லை மட்டும் கழற்றி எடுக்கலாம். 2017இல் மஃப்சன் குழு அப்படி எடுத்த செல்களில், மறதி தொடங்கும் கட்டத்திலேயே மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜன் சேதத் தடுப்பு, கிளை வளர்ப்பு சார்ந்த மரபணுக்கள் இறங்கியிருப்பதைக் கண்டது. அந்தக் கட்டத்தில் செல் இழப்பு முப்பது சதவீத அளவில். பால்டிமோரின் லீபர் நிறுவனம் 2020களில் மனித நீலத்திட்டின் உட்கருக்களைத் தனித்தனியாகப் படித்து, செக்‌ஷன் மேலேயே மரபணு வரைபடமும் போட்டது. நார்அட்ரினலின் செல்லுக்குள் அசிட்டைல்கோலின் சார்ந்த மரபணுக்களும் ஒலித்தது அவர்களுக்கே வியப்பு.

எலி உதவாதா என்றால், பாதிதான் உதவும். சுண்டெலியின் நீலத்திட்டில் இந்த நிறமி இல்லை. அதனால் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில், நிறமியை உண்டாக்கும் மனித டைரோசினேஸ் மரபணுவைச் சுண்டெலியின் நீலத்திட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நிறமி வந்தது. செல்கள் நிதானமிழந்தன, மரபணு வெளிப்பாடு வேகமாகப் புரண்டது, பிறகு செல்கள் அழிந்தன. மனிதருக்குப் பல பத்தாண்டுகளில் நடப்பதைச் சில வாரங்களில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். அவசரத்தில் நடப்பதும் நிதானமாக நடப்பதும் ஒன்றா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உயிரோடு இருப்பவர்களில் பார்க்க 2006இல் ஜப்பானின் மகோதோ சசாகி எம்.ஆர்.ஐ.யில் இந்த நிறமியையே வெளிச்சமாகக் காட்டும் வழி கண்டார். அந்த வெளிச்சம் ஏறக்குறைய அறுபது வயது வரை கூடி, அப்புறம் இறங்குகிறது. எண்பது வயதிலும் நல்ல வெளிச்சம் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் புதிய வேலைகளில் எங்கள் தொழில் தலைகீழாகிவிட்டது. ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கி, புரதத்தோடு பிணைத்துவிடும். எனவே மூளை எடுத்த சில மணி நேரத்தில் உறைய வைத்து, மைனஸ் 80இல் சேமித்து, கிரையோஸ்டாட்டில் 10 மைக்ரானாக வெட்ட வேண்டும். ஃபார்மலின் வாளி அந்த அறைக்குள்ளேயே நுழையக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர், "ஃபார்மலின்ல விழுந்தது பத்திரம், அம்மா" என்பார். அது நேர் எதிராகிப் போனது.

முழுக்க இல்லை. சில ஆண்டுகளாக, துண்டான ஆர்.என்.ஏ.வின் சிறு பகுதிகளைக் கவ்விப்பிடிக்கும் இணை ஆய்வான்களை வைத்து, பழைய பாரஃபின் பிளாக்கிலிருந்தே மரபணு வெளிப்பாட்டைப் படிக்கும் முறைகள் வந்துவிட்டன. ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "அக்கா, பழைய மூளைத்தண்டு பிளாக் ஏதாவது ஷெல்ஃபில் இருக்குமா?" மூளைத்தண்டை நீலத்திட்டு மட்டத்தில் வெட்டிய பிளாக் நிறைய இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் போய்த் தேடினாள். பிளாக் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் எண் இருந்தது, எண்ணுக்கு உரிய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. வயது தெரியாத பிளாக்கில் முதுமையை எப்படிப் படிப்பது? கையெழுத்து புரிந்த நான்கு பிளாக்குகளில் மட்டும் வயதும் ஆணா பெண்ணா என்பதும் ஓரத்தில் பென்சிலில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.